முதல் ஆட்டத்தில் ஓடாத ரீல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு, ‘தமிழ்ச் சினிமாவின் பொற்காலம் அன்றா, இன்றா?’ உத்திரமேரூர்த் தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு துண்டும் போர்த்தினார்கள். நல்லவேளை, பேசச் சொல்லவில்லை. நான் கேபினுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தவன். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

‘அன்றே’ என்ற கட்சியில் ஒரு டீச்சரம்மா நன்றாகப் பேசினார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொண்டார். படத்தின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் படத்தைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிடுவீர்கள். அதில் கைநீட்டுகிற புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த கதாநாயகி, ஒரு நாள் பட்டப்பகலில் ஒரு துணிப்பையோடு வீட்டைவிட்டு இறங்குகிறாள். அப்பா வீட்டில் திரும்பிப் போ என்கிறார்கள். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சிநேகிதி வீட்டில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறாள். புருஷன் வந்து வாசலில் நிற்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தைத்துக்கொண்டே இருக்கிறாள். “இந்தக் காலத்துப் படத்தில் இப்படி ஒரு பெண்ணைக் காட்டுங்கள் பார்க்கலாம்!” என்று டீச்சரம்மா மேஜையைத் தட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சாலவாக்கத்திலிருந்து பேத்தியோடு வந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“தோ பாரும்மா. அந்தப் படத்த நான் மூணு வாட்டி பாத்தவ. அவ எங்கியும் போவல. பொறுத்துக்கினு கெடந்தா. கடசீல அவனே மனசு மாறி வந்து கால்ல வுழுந்தான். தையல் மிஷினாம் தையல் மிஷினு! முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறியே!”

பக்கத்தில் இருந்த அவர் வயதுக்காரப் பெண்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் துள்ளிக் குதித்தார். “மிஷின் சீன் இல்லாம? நான் ரெண்டாவது ஆட்டத்துல என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“நீ எந்த நெலமைல பாத்தியோ, யாருக்குத் தெரியும்” என்றார் அந்த அம்மா. மண்டபமே சிரித்தது.

நடுவர் சமயோசிதமான ஆள். “சண்டை எதுக்கு? ஓட்டினவரே இங்க இருக்கார். ஏகாம்பரம் ஐயா சொல்லட்டும்” என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

நான் சொன்னேன்: “சீன் இருக்கு. பன்னெண்டாவது ரீல். முதல் ஆட்டத்துல கடைசி பஸ்ஸுக்காக அத ஓட்டமாட்டோம். ரெண்டாவது ஆட்டத்துல ஓட்டுவோம். பொம்பளைங்க ரெண்டாவது ஆட்டத்துக்கு வரமாட்டாங்க. அதனால பாத்திருக்க மாட்டாங்க.”

“அடப்பாவி மனுஷா!” என்று யாரோ கத்தினார்கள். மறுபடி சிரிப்பு. பெண்கள் மூன்றாவது வரிசையில் என் தங்கை கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மைக்கில் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதி. வாசகர் வட்டத்து மலருக்கு ‘பொற்காலம் எது’ என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. மீதிப் பாதி தெரியும். அதை எழுதுகிறேன்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் காஞ்சிபுரத்தில் ஒரு தியேட்டரில் ரீல் சுற்றுகிற வேலையில் சேர்ந்தேன். சில வருஷம் திட்டு வாங்கினேன். ஆபரேட்டர் லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாவது தடவை தேறி, சொந்த ஊருக்கே ஆபரேட்டராக வந்தேன். கண் கெட்டது, விரல் நுனியில் சூடு தெரியாமல் போனது, இவை இரண்டும் அந்தப் படிப்பின் மிச்சம்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒன்று மட்டும் விளக்குகிறேன். ஒரு ரீல் சுமார் பத்துப் பதினோரு நிமிஷம் ஓடும். எங்கள் காலத்துத் தமிழ்ப் படம் என்றால் பதினாறு ரீல். கேபினில் இரண்டு மிஷின். ஒன்றில் ஒரு ரீல் ஓடும்போதே அடுத்த ரீலை மற்றதில் மாட்டிவைக்க வேண்டும். முடியப்போகும்போது படத்தின் மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி மின்னும். அந்த நொடியில் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது. அடுத்ததாக எந்த ரீல் மாட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரியாது.

எங்கள் மேனேஜர் பேர் வரதராஜன். வெளியூர்க்காரர். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு கம்பிக் குடை, பையில் எப்போதும் பஸ் நேரம் எழுதிய ஓர் அட்டை. தன் வயசில் பாதிகூட ஆகாத என்னையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். “ஏகாம்பரம் அவர்களே” என்று ஆரம்பித்தால் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

புதுப் பெட்டி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கும். மத்தியானம் கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு எங்கள் இருவருக்கு மட்டும் படத்தை ஓட்டுவேன். அவர் காலி தியேட்டரின் நடுவில், பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் பிரிக்கிற குட்டைச் சுவரின் மேல் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே பார்ப்பார். ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு வரி எழுதுவார். பாட்டு, சண்டை, காமெடி என்று குறித்துக்கொள்வார். படம் முடிந்ததும் மேலே வருவார். பஸ் அட்டையை எடுப்பார். எந்த ரீலை விடலாம் என்று யோசிப்பார்.

இது துட்டுக்காகச் செய்தது என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்பு ஒரு தடவை படம் நீண்டுபோய்ச் சாலவாக்கம் கடைசி பஸ் போய்விட்டது. ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்தே போனார்கள். அதில் ஒருத்தியை மாமியார் விடியும்வரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மேனேஜர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், “தப்பு எங்களுடையது, பெண்ணைத் தண்டிக்காதீங்க” என்று கைகூப்பி நின்றுவிட்டு வந்தார். வந்த கையோடு சட்டம் போட்டார். முதல் ஆட்டம் எந்தப் படமாக இருந்தாலும் ஒன்பது இருபதுக்குள் முடிய வேண்டும். ஒன்பதரைக்குப் பஸ்.

எதை எடுப்பது? பாட்டை எடுத்தால் நாற்காலி பறக்கும். சண்டையை எடுத்தாலும் அப்படித்தான். காமெடியை எடுத்தால் டீக்கடையில் நாங்கள் தலை காட்ட முடியாது. அரசாங்கச் செய்திப் படம் கட்டாயம், அதைத் தொட்டால் தியேட்டருக்கே ஆபத்து. மீதி இருப்பது பேச்சு. அதிலும் ஆண் பேசுகிற பேச்சுக்கு விசில் உண்டு. பெண் பேசுகிற இடம், பெண் தனியாக இருக்கிற இடம், அதை எடுத்தால் யாரும் கேட்டதில்லை. மேனேஜர் பென்சிலால் அந்த வரியைச் சுழித்து, “இது போகட்டும் ஏகாம்பரம். முழுப் படம் பார்க்கிறது முக்கியமா, வீடு போய்ச் சேர்றது முக்கியமா?” என்பார். நான் ஆமாம் சார் என்பேன். பெண்களின் நல்லதுக்காகவே பெண்களின் காட்சியை எடுத்தோம். அன்றைக்கு எங்கள் இருவருக்குமே அதில் எந்த முரணும் தெரியவில்லை.

ஆண்கள் சைக்கிளில் வருபவர்கள். இரண்டாவது ஆட்டம் எப்போது முடிந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. அதனால் இரண்டாவது ஆட்டத்தில் பதினாறு ரீலும் ஓடும். ஆகவே நீங்கள் பொற்காலம் என்று சொல்கிறீர்களே, அதில் ஒவ்வொரு படமும் எங்கள் ஊரில் இரண்டு படமாக ஓடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்திலும் குப்பை வந்தது. ஏராளமாக வந்தது. மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டி அனுப்பினோம். நல்ல படம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, அதனால் எல்லாமே நல்ல படமாக ஞாபகம் இருக்கிறது. இப்போது வருகிற படங்களில் எனக்குச் சத்தம் பிடிக்கவில்லை. கதாநாயகன் நடந்து வருவதற்கே ஒரு ரீல் ஆகிறது. ஆனாலும் மட்டம் தட்டமாட்டேன். போன வருஷம் சென்னையில் என் மகன் வீட்டில் ஒரு புதுப் படம் பார்த்தேன். அதில் ஒரு பெண் புருஷனிடம் முகத்துக்கு நேரே, வரமாட்டேன் போ என்கிறாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். நடுவில் ஏகாம்பரம் என்று ஒருவன் இல்லை. இந்தக் காலத்துச் சினிமாவைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய நல்ல விஷயம் அதுதான்.

இப்போது கன்னியம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை சுற்றி வளைத்ததெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான்.

கன்னி என்னைவிட ஏழு வயசு சின்னவள். பத்தொன்பதில் மாகறலில் கொடுத்தோம், தை மாதம். செய்யாற்றங்கரையில் நல்ல கழனி உள்ள குடும்பம். தலை ஆடிக்கு வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஆடிக்கு வந்தவள் ஆவணியில் போக வேண்டும். ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தும் அவள் புறப்படவில்லை. ஒரு நாள் அம்மாவிடம் முதுகைக் காட்டினாள். அம்மா மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு அழுதாள். நைனா கேட்டது ஒன்றே ஒன்று: “குடிக்கிறானா?”

“இல்ல நைனா.”

“அப்றம் இன்னாத்துக்கு அடிக்கிறான்? நீ இன்னா பண்ண?”

அதுதான் அவளுடைய துரதிர்ஷ்டம். மாப்பிள்ளை குடிக்கமாட்டார், பீடி இல்லை, சீட்டு இல்லை. குடிகாரனாக இருந்திருந்தால் ஊரே அவள் பக்கம் பேசியிருக்கும். நெற்றி நிறைய விபூதியோடு நிதானமாக அடிக்கிறவனைப் பற்றி எவனிடம் சொல்லி நம்பவைப்பது?

அதே சமயம் எனக்குத் திருமுக்கூடலில் பெண் பார்த்து எல்லாம் பேசி முடிந்திருந்தது. எனக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது, அதையும் மறைப்பானேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெண்ணின் மாமா வந்தார். மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்கும்போது நைனாவிடம் கேட்டார்: “எல்லாம் சரி. வூட்ல ஒரு பொண்ணு வாழாம வந்து குந்திக்கினு கீதே. அது இன்னா ஆவும்? எங்க பொண்ணு வந்து அதுக்கும் சேத்துல்ல ஒலை வெக்கணும்.”

கன்னி அடுப்பங்கரையில் இருந்தாள். அவள் காதில் விழுந்தது. எனக்கும் விழுந்தது. நைனா, “புரட்டாசி முடியறதுக்குள்ள அனுப்பிடுவோம்” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது பட்டிமன்றத்தில் சண்டை வந்த அதே படம். பழைய படம், மறுபடி வந்திருந்தது. வெள்ளி மத்தியானமே மேனேஜர் பன்னிரண்டாவது ரீலைச் சுழித்துவிட்டார். அதை எடுத்துவிட்டால் கதை வேறு மாதிரி ஆகிவிடும், ஆனால் ஓடும். பதினொன்றில் அவள் அடி வாங்குகிறாள். பதிமூன்றில் புருஷன் இருட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுகிறான். அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் காலில் விழுகிறான். அவள் கையில் ஒரு துணிப்பை இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று முதல் ஆட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

பெண்ணின் மாமா வந்துபோன அந்த ஞாயிறு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கன்னியைப் படத்துக்கு இழுத்துவந்தாள். காலையில் நடந்ததைப் பார்த்து, “மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு வூட்லயே கெடக்காத, வா” என்று கூட்டிவந்திருக்கிறாள். கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கம் மணல் தரையில், குட்டைச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் மேனேஜர் மேலே வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

“ஏகாம்பரம், சாலவாக்கம் வண்டி ரிப்பேராம். பத்து மணிக்குத்தான் எடுப்பாங்களாம், சொல்லி அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு முதல் ஆட்டத்துக்கும் முழுசா ஓட்டிடுங்க. ஒரு நாளாவது பெண்கள் முழுப் படம் பார்க்கட்டும்.”

“சரிங்க சார்” என்றேன்.

பதினொன்றாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. டப்பாக்களின் மூடியில் சுண்ணாம்பால் நம்பர் எழுதியிருப்போம். பன்னிரண்டைத் திறந்து ரீலைக் கையில் எடுத்தேன். ஓட்டை வழியாக ஒரு தடவை பார்த்தேன். திரையில் அடி விழுந்துகொண்டிருந்தது. மற்றப் பெண்கள் எல்லாம் அந்தப் புருஷனைச் சபித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருந்தார்கள். கன்னி அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, இவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். இதைப் பார்த்தால் இவள் மாகறல் போகமாட்டாள். போகாவிட்டால் திருமுக்கூடல் சம்பந்தம் போய்விடும். இவ்வளவுதான் தோன்றியது. பஸ்ஸும் தோன்றவில்லை, நைனாவும் தோன்றவில்லை.

பன்னிரண்டை டப்பாவில் வைத்து மூடினேன். பதிமூன்றை எடுத்து மாட்டினேன். மூலையில் புள்ளி மின்னியது. மாற்றினேன். வழக்கத்தைவிடச் சுத்தமாக மாற்றினேன், படம் ஒரு குதிகூடக் குதிக்கவில்லை.

மறுநாள் காலை ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். “நேத்து பன்னெண்டு ஓடலையே, ஏகாம்பரம் அவர்களே?”

“மறந்துட்டேன் சார். ரெண்டு நாளா அத விட்டுட்டே ஓட்டின கை. பழக்கத்துல தானா பதிமூணுக்குப் போயிடுச்சு.”

ஆபரேட்டர்கள் செய்கிற தப்புதான் அது. எவனும் நம்புவான். அவர், “பழக்கம்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் முதல் ஆட்டத்துக்கு முழுப் படம் ஓட்டச் சொல்லி அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

புதன்கிழமை நைனா கன்னியை மாகறலுக்குக் கூட்டிப்போனார். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அம்மா வியந்துபோய், “படம் பாத்துட்டு வந்து அவளே சொல்லிட்டா, பொறுத்துக்கினு போறேன்னு” என்றாள். நான் வீட்டுக்குள் போய்ச் சட்டையைத் தேடுவதுபோல் நின்றேன். தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. கன்னி வந்து மணவறையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள், முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு.

அவன் மாறவில்லை. யார் காலிலும் விழவில்லை. பத்தொன்பது வருஷம் அவள் அங்கே வாழ்ந்தாள். ஒரு குழந்தை வயிற்றிலேயே போயிற்று, எப்படிப் போயிற்று என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உலக்கையால் வாங்கிய அடியில் இடது மணிக்கட்டு உடைந்து, கட்டுப் போட்டது கோணலாகக் கூடிவிட்டது. அவன் காய்ச்சலில் செத்த பிறகுதான் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி அவளைத் தன் தங்கைபோல் வைத்துக்கொண்டாள். திருமுக்கூடல் மாமா பயந்ததுபோல் ஒரு நாளும் ஒரு படி உலைக்குக் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் புண்ணியவதியும் போய்விட்டாள். இப்போது வீட்டில் நானும் கன்னியும்தான்.

இத்தனை வருஷத்தில் நான் ஓட்டிய படங்களில் எனக்குக் கனவில் வருவது அந்த ஒரு ரீல்தான். ஒரு தங்கச்சியின் வாழ்க்கையை ஒரு ரீலால் கெடுத்தவன் என்று எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி, கடைசியில் அதற்கே பழகிப்போனேன்.

பட்டிமன்றம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கன்னி கேட்டாள்: “அந்தப் படம் உன் போன்ல வருமா ண்ணா?”

தேடினேன், இருந்தது. பன்னிரண்டாவது ரீல் வருகிற இடத்துக்குத் தள்ளிக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் துணிப்பையோடு இறங்கினாள். அப்பாவிடம் பேசினாள். தையல் மிஷின் ஓடியது. புருஷன் வாசலில் நின்றான். கன்னி பார்த்து முடித்தாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பஸ் லேட் என்பது, மேனேஜர் ஓட்டச் சொன்னது, கையில் எடுத்ததைத் திரும்ப வைத்தது, எதற்காக வைத்தேன் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். “உன்ன நான்தான் அனுப்பினேன் கன்னி. அந்த ரீல பாத்திருந்தா நீ போயிருக்க மாட்ட” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“சினிமாவ பாத்தா நான் போனேன்?” என்றாள். “இன்னா ண்ணா நீ. அதுல வர்றதெல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் அன்னிக்கு பொய்யோ நெஜமோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. அதான் மறுநாள் காத்தால உன்ன வந்து கேட்டேன்.”

“என்னையா கேட்ட?”

“நீ கெணத்தாண்ட பல்லு தேச்சிக்கினு இருந்த. படத்துல அவன் மனசு மாறுனாப்பல நெஜத்துலயும் ஆவுமா ண்ணான்னு கேட்டேன். ஆவும்னு சொன்ன. வாயில நொரையோட சொன்ன. ரெண்டாவது வாட்டியும் கேட்டேன். தலைய ஆட்டுன. நைனா சொன்னதுக்காவ நான் போயிருக்க மாட்டேன். நீ போவாதன்னு சொல்லுவன்னுதான் உன்னாண்ட வந்தேன்.”

பன்னிரண்டாவது ரீலில் எந்தெந்த இடத்தில் பிலிம் அறுந்து ஒட்டியிருந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். மேனேஜர் அன்று கட்டியிருந்த வேட்டியின் கரை ஞாபகம் இருக்கிறது. கிணற்றடியில் அவள் வந்து நின்றது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“எனக்கு அது ஞாபகமே இல்ல கன்னி” என்றேன்.

“உனுக்கு எப்டி இருக்கும்” என்றாள். போனை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.